பூட்டு நன்றாகத்தான் இருந்தது

ஹார்டுவேர் கடையில் கொஞ்ச நேரம் சும்மா நின்று பார்த்தால் தெரியும், பூட்டு வாங்க வருகிறவர்கள் எல்லாரும் "நல்ல கனமான பூட்டாக் காட்டுங்க" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எத்தனை லீவர், அதாவது உள்ளே சாவி தூக்குகிற தகடு எத்தனை என்று விசாரிக்கிறார்கள், கூடுதல் சாவி உண்டா என்று கேட்கிறார்கள், உள்ளங்கையில் வைத்து எடை பார்க்கிறார்கள். அந்தப் பூட்டு தொங்கப்போகிற ஆல்டிராப்பை, அதாவது கதவுக்கு வெளியே மாட்டுகிற கம்பித் தாழ்ப்பாளை, எந்த ஸ்க்ரூ போட்டு மாட்டுவது என்று ஒருவர்கூடக் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்கத் தேவையும் இல்லை என்று நினைக்கிறார்கள், ஆல்டிராப் பாக்கெட்டுக்குள்ளேயே ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையில் ஸ்க்ரூ வந்துவிடுகிறதே. முக்கால் இஞ்ச் இருக்கும். ஆயிரம் ரூபாய்ப் பூட்டு, பல்லாயிரம் ரூபாய்க் கதவு, பீரோவுக்குள் இருக்கிற நகை, எல்லாமே கடைசியில் அந்த முக்கால் இஞ்சை நம்பித்தான் இருக்கின்றன.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் திருட்டு நடந்தபோது இதை நேரில் பார்த்தேன். வீட்டுக்காரர்கள் கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தார்கள். திரும்பி வந்து பார்த்தால் கதவு திறந்து கிடக்கிறது, பூட்டு மட்டும் பூட்டியபடியே ஆல்டிராப்பில் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு கீறல் இல்லை. சாவி போட்டால் அழகாகத் திறக்கிறது! கம்பி போய் நுழைகிற நாதாங்கி மட்டும் நிலையிலிருந்து பிய்ந்து, நான்கு ஸ்க்ரூவோடு வாசலில் கிடந்தது. ஒரு ஸ்க்ரூகூட வளையவில்லை, மரையில் மரத்தூள்கூட ஒட்டியிருக்கவில்லை. மறுநாள் பேப்பரில் வழக்கம்போல "வீட்டின் பூட்டை உடைத்து" என்று போட்டிருந்தார்கள்.

அந்த ஸ்க்ரூக்கள் ஏன் அப்படி நேராகவும் சுத்தமாகவும் வந்தன என்பதுதான் எனக்குப் பிடிபடாமல் இருந்தது. எங்கள் வீட்டுக்கு வழக்கமாக வருகிற வயதான கார்பெண்டரிடம் கேட்டேன். சிரித்தார். "அடிச்சு இறக்கியிருப்பாங்க தம்பி, வேறென்ன?" ஸ்க்ரூவை முக்கால்வாசி சுத்தியலால் ஆணி மாதிரியே அடித்துவிட்டு, கடைசி இரண்டு சுற்று மட்டும் டிரைவரில் முடுக்குவது நம் ஊரில் பலரும் செய்கிற வேலை. நேரம் மிச்சம், பார்க்கவும் வித்தியாசம் தெரியாது. ஆனால் ஸ்க்ரூவின் பிடி முழுக்க அதன் மரை மரத்துக்குள் வெட்டிக்கொண்டு போகிற பள்ளத்தில்தான் இருக்கிறது. அடித்து இறக்கும்போது மரை மரத்தின் நாரைக் கிழித்துக்கொண்டு போய்விடுகிறது. உள்ளே பள்ளம் என்று ஒன்று இல்லை, ஒரு குழிதான் இருக்கிறது, அதில் ஸ்க்ரூ சும்மா செருகிக்கொண்டு நிற்கிறது.

இதோடு நெம்புகோல் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டடிக் கம்பி ஒன்றின் நுனியை இடுக்கில் செருகி, நுனியிலிருந்து இரண்டு இஞ்சில் தாங்குமிடம் வைத்து மறுமுனையை அழுத்தினால், கை இருபத்திரண்டு இஞ்ச் தள்ளி இருக்கிறது, ஆக விசை பதினோரு மடங்கு. சாதாரண உடம்புக்காரர் 40 கிலோ எடையைச் சாய்த்தாலே நுனியில் 440 கிலோ. இதை எதிர்த்து நிற்கவேண்டியது அடித்து இறக்கிய நான்கு சின்ன ஸ்க்ரூ. பூட்டு எந்த ஊர்ப் பூட்டாக இருந்தால் என்ன? திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, கிடைக்கவேண்டியதுதான், கையால் செய்த அந்த லீவர் பூட்டுகளைக் கள்ளச்சாவி போட்டுத் திறப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஆனால் கள்ளச்சாவி போடுகிற பொறுமையோடு யார் வருகிறார்கள்? கடப்பாரையோடு வருகிறவனுக்குப் பூட்டின் உள்வேலைப்பாடு ஒரு பொருட்டே இல்லை, எது சீக்கிரம் பிய்ந்து வரும் என்பதுதான் அவன் பார்க்கிற ஒரே விஷயம்.

அதனால் பூட்டை மறந்துவிட்டு, பூட்டு எதைப் பிடித்திருக்கிறது, அது எதைப் பிடித்திருக்கிறது, அது எதைப் பிடித்திருக்கிறது என்று சுவர் வரைக்கும் போய்ப் பார்க்கவேண்டும் என்பதுதான் என் கட்சி.

முதலில் கதவில் இருக்கிற பாகங்கள். ஆல்டிராப்பின் கம்பியைப் பிடிக்கிற வளையங்கள், பூட்டு மாட்டுகிற குமிழ், எல்லாவற்றிலும் ஸ்க்ரூவை எடுத்துவிட்டுக் கதவை ஊடுருவிப் போகிற போல்ட் போடலாம். கடையில் கேரேஜ் போல்ட் என்று கேட்டால் கொடுப்பார்கள், வெளிப்பக்கம் தலை உருண்டையாக, வழுவழுவென்று இருக்கும், ஸ்பேனரோ டிரைவரோ பிடிக்க அதில் இடமே இல்லை. நட்டு உள்பக்கம் வரும். நட்டுக்கு அடியில் அகலமான வாஷர் வைக்கவேண்டும், இல்லையென்றால் பலமாக இழுக்கும்போது நட்டே மரத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். உள்பக்கம் நட்டு தெரிவது அசிங்கமாக இருக்கிறது என்று வீட்டில் சொல்வார்கள். சொல்லட்டும், தொப்பி நட்டு என்று ஒன்று கிடைக்கிறது, அதைப் போட்டு மூடிவிடலாம்.

அடுத்தது நிலை. இங்கேதான் நிறைய வீடுகள் தோற்கின்றன. நிலையில் மாட்டுகிற நாதாங்கிக்கு மூன்று இஞ்ச் ஸ்க்ரூ, அதற்கு முன்னால் ஸ்க்ரூவின் உள்தண்டு அளவுக்கு டிரில்லில் ஒரு துளை, பிறகு முழுக்க முழுக்கத் திருகித்தான் இறக்கவேண்டும். சுத்தியலை அந்தப் பக்கமே கொண்டுவரக்கூடாது. மரத்துக்குள் எவ்வளவு ஆழம் மரை போகிறதோ ஏறக்குறைய அந்த அளவுக்குப் பிடியும் கூடும், அதனால் முக்கால் இஞ்சுக்கும் மூன்று இஞ்சுக்கும் உள்ள வித்தியாசம் லேசானதல்ல. செலவு என்று பார்த்தால் ஒரு டீ, வடைக்கு மேல் ஆகாது.

ஆனால் நிலையே சுவரில் ஒழுங்காக நிற்கவில்லையென்றால் இந்த ஸ்க்ரூவால் என்ன பயன்? வீடு கட்டும்போது நிலையின் இரண்டு பக்கமும் ஹோல்ட்ஃபாஸ்ட் என்கிற இரும்புப் பட்டையை, பக்கத்துக்கு மூன்று வீதம் அடித்து, அதன் மறுமுனையைச் சுவருக்குள் கான்கிரீட் போட்டு இறுக்குவது வழக்கம். அவசரத்தில் கட்டிய வீடுகளில், சுவரை முதலில் எழுப்பிவிட்டு நிலையைப் பிறகு நுழைத்து, இடைவெளியில் கலவையை அப்பி மேலே பூசிவிடுகிறார்கள். அந்த நிலை பந்தக்கால் மாதிரி, பார்க்க நிற்கும், சாய்த்தால் சாயும். தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும், சுவர் ஓரத்தில் டொக் டொக் என்று வெற்றுச் சத்தம் வந்தாலோ, கதவை ஓங்கிச் சாத்தும்போது பூச்சில் விரிசல் ஓடினாலோ, நிலைக்குப் பின்னால் காலி என்று அர்த்தம். இதற்கு நிலையின் உள்முகத்தில் துளை போட்டு, துளைக்குள் விரிந்து பிடிக்கிற நீளமான ஆங்கர் போல்ட்டைச் சுவருக்குள் இறக்கவேண்டும். செங்கல் சுவர் என்றால் அது பிடித்துக்கொள்ளும். இப்போது பரவலாகக் கட்டுகிற எடை குறைந்த வெள்ளை பிளாக் சுவர்களில் சாதாரண ஆங்கர் நிற்காது, விரியும்போது பிளாக்கையே நொறுக்கிவிடும், பசை ஊற்றி இறுக்குகிற கெமிக்கல் ஆங்கர்தான் போடவேண்டும். அப்புறம் நிலையின் அடிப்பகுதி. மழை நீரும் வாசல் தெளிக்கிற தண்ணீரும் பட்டுப் பட்டு அங்கேதான் கரையான் ஏறும், மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்கும், டிரைவரால் குத்தினால் உள்ளே போய்விடும்.

அபார்ட்மெண்ட்களில் ஆல்டிராப் குறைவு, கதவுக்குள் புதைக்கிற மார்டைஸ் லாக்தான் அதிகம். அதில் ஒரு பெரிய நன்மை உண்டு, வெளியே பூட்டு தொங்காது, ஆள் இருக்கிறார்களா இல்லையா என்று பார்த்தவுடன் தெரியாது. வாசலில் தொங்குகிற பூட்டு ஊருக்கே "வீட்டில் யாரும் இல்லை" என்று அறிவிப்பதுதானே. ஆனால் மார்டைஸிலும் பலவீனம் நிலையில்தான். நம் வாசற்கதவுகள் பெரும்பாலும் உள்நோக்கித் திறப்பவை. பூட்டின் நாக்கு போய் நுழைவதற்கு நிலையில் ஒரு குழி வெட்டுவார்கள். கதவின் கனம் ஒன்றேகால் இஞ்ச், நாக்கு அதன் நடுவில் வரும், ஆக குழிக்கும் நிலையின் உள்விளிம்புக்கும் இடையே மிஞ்சுகிற மரம் அரை இஞ்ச்கூட இருக்காது. வெளியிலிருந்து தோளால் மோதினால் மொத்த அடியையும் வாங்குவது அந்த ஒல்லியான மரக்கீற்றுதான். அது நார்வாக்கில் சத்தமில்லாமல் பிளந்துகொள்ளும். பூட்டோடு கொடுக்கிற தகடு ஒரு மில்லிமீட்டர் கனத்தில், அழகுக்கு வைத்தது போல இருக்கும். அதற்குப் பதிலாக ஓரடி நீளத்துக்கு, மூன்று மில்லிமீட்டர் கனத்தில், நிலையின் உள்முகத்தையும் சேர்த்து மடிந்து பிடிக்கிற இரும்பு ஆங்கிள் ஒன்றை வெல்டிங் பட்டறையில் சொல்லி வெட்டி வாங்கி, மேலும் கீழுமாக நீள ஸ்க்ரூக்களை நிலையின் நடுமரம் நோக்கிச் சாய்த்து இறக்கினால், அடி ஒரே இடத்தில் விழாமல் ஓரடிக்கும் பரவும். இதைப் போலவே கதவின் பக்கமும் யோசிக்கவேண்டும். பூட்டுப்பெட்டியைப் புதைக்கக் கதவைக் குடைந்த இடத்தில் இரண்டு பக்கமும் மெல்லிய மரம்தான் மிச்சம், அங்கே கதவின் விளிம்பைச் சுற்றி மடிந்து பிடிக்கிற தகடு போடலாம்.

நைட் லாட்ச் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தினால் 'டக்' என்று விழுகிறதே, அப்போது கதவைப் பிடித்திருப்பது ஒரு ஸ்பிரிங் மட்டும்தான். நாக்கின் ஒரு பக்கம் சரிவாக இருக்கும், தள்ளினால் உள்ளே போய்விடும், அதன் வேலையே அதுதான். சாவியைப் போட்டுத் திருப்பினால்தான் நாக்கு முழுசாக வெளியே வந்து பின்னால் போகாமல் இறுகும், அந்த வசதி உள்ள மாடலாகப் பார்த்து வாங்கவேண்டும். பக்கத்துக் கடைக்குத்தானே என்று சும்மா சாத்திவிட்டுப் போகிற பழக்கம் எங்கள் வீட்டிலும் உண்டு, இன்னமும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இரட்டைக் கதவு வைத்த வீடுகள் தனிக் கதை. பார்க்கக் கம்பீரம். இதில் ஒரு கதவு மேலும் கீழும் டவர் போல்ட் என்கிற நேர்க்கம்பித் தாழ்ப்பாள் போட்டு நிலையாக நிற்கவேண்டும், மற்றது அதில் போய்ப் பூட்டிக்கொள்ளும். மேல் போல்ட் எட்டவில்லை என்று போடுவதில்லை. கீழ் போல்ட் விழவேண்டிய தரைத் துளையில் பல வருஷத்து மண்ணும் மாவுக்கோலமும் அடைந்து, கம்பி கால் இஞ்ச்கூட இறங்காது. அப்புறம் நடுவில் எவ்வளவு பெரிய பூட்டு போட்டாலும் சரி, இரண்டு கதவும் சேர்ந்தாற்போல உள்ளே தள்ளப்பட்டு ஒன்றாகவே திறந்துகொள்ளும். துளையை ஒரு ஆணியால் நோண்டிச் சுத்தம் செய்வதற்குக் காசு வேண்டாம். மேல் போல்ட்டைக் கை எட்டுகிற நீளத்தில், ஓரடிக்கு மேல் உள்ளதாக மாற்றிக்கொள்ளலாம்.

இனி, பிய்க்காமல் திறக்கிற வழி. கதவுக்குப் பக்கத்திலேயே ஜன்னல் வைத்த வீடுகளில் கையை விட்டோ கம்பியை விட்டோ உள்தாழ்ப்பாளை நீக்கிவிடுவார்கள். இது எவ்வளவு பழைய வேலை என்றால், 1860-ல் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 445-வது பிரிவிலேயே, கதவின் ஓட்டை வழியாகக் கம்பியை விட்டுத் தாழ்ப்பாளைத் தூக்கி உள்ளே போவதும் வீட்டை உடைத்தல்தான் என்று ஓர் உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். 2024 ஜூலை 1 முதல் அமலான பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்த வரையறை 330-வது பிரிவுக்குப் போய்விட்டது, கம்பி வேலை அப்படியேதான் இருக்கிறது. ஜன்னலிலிருந்து கை எட்டாத உயரத்தில் இன்னொரு தாழ்ப்பாள், அல்லது ஜன்னலுக்குக் கம்பிவலை, இரண்டில் ஒன்று போதும். கிரில் கேட்டிலும் இதே கதைதான், தாழ்ப்பாளுக்கு நேராக ஒரு சதுரத் தகடு வெல்டிங் வைத்துவிட்டால் வெளியிலிருந்து கை திரும்பாது.

அதே சட்டப் பிரிவில் முதல் உதாரணம் எது தெரியுமா, சுவரில் துளை போடுவது. கன்னக்கோல் வைத்து மண்சுவரைக் குடைந்து நுழைகிற பழைய முறை. அந்தக் காலத்தில் கதவு தடித்த மரம், சுவர் மண், ஆகவே திருடன் சுவருக்குப் போனான். இன்று சுவர் செங்கல்லும் சிமெண்டும், கதவு உள்ளே என்ன வைத்து ஒட்டினார்கள் என்றே தெரியாத ஃபிளஷ் டோர், ஆகவே கதவுக்கு வருகிறான். பழைய வீடுகளில் கதவுக்குப் பின்னால் கணைய மரம் போடுவார்களே, இரண்டு பக்கச் சுவரிலும் துளை வைத்து, அதிலிருந்து இழுத்துக் குறுக்கே போடுகிற கனமான கட்டை, பொறியியல் கண்ணோடு பார்த்தால் அதைவிட நல்ல தாழ்ப்பாளை நான் இன்னும் பார்க்கவில்லை. ஸ்க்ரூ கிடையாது, நாதாங்கி கிடையாது, நிலையைக்கூட நம்பவில்லை, அடி நேராகச் சுவருக்குப் போகிறது. இப்போதும் இதைச் செய்யலாம், கதவின் இரண்டு பக்கமும் சுவரில் ஆங்கர் போட்டு இரும்புக் கொக்கி வைத்து, குறுக்கே ஒரு சதுரக் குழாய். எங்கள் பின்கதவுக்கு அப்படித்தான் செய்தேன், "ஜெயில் மாதிரி இருக்குடா" என்று அம்மா சொன்னார், இப்போது அதில் துண்டு காயப்போடுகிறார்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். வெளியிலிருந்து வருகிறவனுக்குக் கஷ்டமாக இருக்கவேண்டுமே தவிர, உள்ளே இருப்பவருக்குக் கஷ்டமாக இருக்கக்கூடாது. ராத்திரி கிரில் கேட்டை உள்பக்கம் பூட்டிச் சாவியை எங்கேயோ வைத்துவிட்டுத் தூங்குகிற வீடுகள் ஏராளம். சிலிண்டர் கசிந்தாலோ மின்கசிவில் தீப்பிடித்தாலோ புகைக்குள் சாவியைத் தேடமுடியாது. குறுக்குக் கட்டை, டவர் போல்ட் எல்லாம் உள்ளிருந்து சாவியில்லாமல், வீட்டில் மிக வயதானவர்கூட ஒரு கையால் எடுக்கிற மாதிரிதான் இருக்கவேண்டும்.

இவ்வளவு செய்தால் திருடனே வரமாட்டானா என்று கேட்டால், அப்படியில்லை, ஆனால் நிமிடங்கள் கூடும். ஐரோப்பியத் தரக்கட்டுப்பாட்டில் கதவுகளை இப்படித்தான் அளக்கிறார்கள். ஆர்சி 2 என்கிற தரத்துக் கதவு, ஸ்க்ரூ டிரைவர், ஆப்பு மாதிரியான கருவிகளை வைத்து ஒருவர் முயன்றால் மூன்று நிமிடம் தாங்கவேண்டும், ஆர்சி 3 என்றால் கடப்பாரையும் சேர்த்து ஐந்து நிமிடம். மூன்று நிமிடம்தானா என்று தோன்றும். அந்த மூன்று நிமிடமும் சத்தத்தோடு போகிற நிமிடங்கள். நெதர்லாந்தில் 1999 முதல் புதிதாகக் கட்டுகிற வீடுகளின் கதவு ஜன்னல்கள் இப்படித் தாங்கவேண்டும் என்று கட்டட விதியிலேயே சேர்த்தார்கள், பிறகு ஆய்வு செய்தபோது அந்த வீடுகளில் திருட்டு ஏறக்குறைய கால்வாசி குறைந்திருந்தது. நம் ஊரில் பூட்டு, டவர் போல்ட் எல்லாவற்றுக்கும் தனித்தனியாக ஐஎஸ்ஐ தரம் இருக்கிறது, ஆனால் வாங்கிவந்த தாழ்ப்பாளை எந்த ஸ்க்ரூவில், எவ்வளவு ஆழத்தில் மாட்டியிருக்கிறார்கள் என்று வீட்டுக்குள் வந்து பார்க்க ஆள் கிடையாது. நாம்தான் பார்த்துக்கொள்ளவேண்டும்.

முன்வாசலுக்கு இத்தனை பாடு பட்டுவிட்டு மொட்டை மாடிக் கதவை விட்டுவிடுகிறோம், அதையும் சொல்லிவிடுகிறேன். தேக்கு வாசற்கதவு உள்ள வீட்டில் மாடிப்படி முடிவில் மழையில் ஊதிப்போன ஃபிளஷ் டோரும் ஒரே ஒரு ஆறு இஞ்ச் டவர் போல்ட்டும் இருக்கும். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து ஒரு தாவல். மாடிக்கதவு பெரும்பாலும் வெளிநோக்கித் திறப்பது, மழைத்தண்ணீர் உள்ளே வராமல் இருக்க அப்படி வைப்பார்கள். அதனால் கீல் வெளியே இருக்கும், கீலின் ஆணியைத் தட்டி எடுத்துவிட்டால் தாழ்ப்பாள் பக்கமே போகவேண்டாம். இரும்புக் கதவென்றால் ஆணியின் நுனியில் ஒரு பொட்டு வெல்டிங் போதும். மரக்கதவென்றால், கீல் பக்க விளிம்பில் தடித்த ஸ்க்ரூ ஒன்றைப் பாதி இறக்கி, தலையை அறுத்துவிட்டு, அது போய் உட்கார நிலையில் ஒரு துளை போட்டுவிடவேண்டும், கதவு சாத்தியிருக்கும்போது கீலே இல்லாவிட்டாலும் அந்தப் பக்கம் அசையாது.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதையெல்லாம் படித்துவிட்டுப் பெருமூச்சு விடுவார்கள் என்று தெரியும். நிலையில் துளை போட, சுவரில் ஆங்கர் இறக்க ஹவுஸ் ஓனர் ஒத்துக்கொள்ளமாட்டார். ஆனால் ஏற்கனவே இருக்கிற ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு அதே துளையில் நீளமான ஸ்க்ரூவைப் போட யாரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை. துளை தொளதொளவென்று இருந்தால் ஃபெவிக்காலில் நனைத்த மரக்குச்சிகளை இறுக்கிச் செருகி, ஒரு நாள் காயவிட்டு, மறுபடி துளையிட்டுத் திருகவேண்டும். ஊருக்குப் போவதாக இருந்தால் பக்கத்து ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்துவிட்டுப் போனால் ரோந்து வரும்போது ஒரு பார்வை பார்ப்பார்கள், அதற்கும் காசில்லை. கடைக்குப் போகும்போது பழைய ஸ்க்ரூ ஒன்றைக் கழற்றிக் கையில் எடுத்துப் போங்கள், தலை அளவு மாறினால் நாதாங்கித் துளையில் உட்காராது.